யோக்கியமான துப்பாக்கி

வீராம்பட்டினம் ஆடித் திருவிழாவில் பலூன் சுடும் கடை போடுகிற கண்ணையனுக்கு உலகத்தில் ஒரே எதிரி, கருவடிக்குப்பத்து அமிர்தவல்லி. பத்துக்குப் பத்து சுட்டால் பிளாஸ்டிக் பக்கெட் இனாம் என்று அவர் எழுதி வைத்ததே, எவனும் வாங்கிப் போக மாட்டான் என்ற தைரியத்தில்தான். மில் வேலை போனபின் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற இந்தப் பெண்பிள்ளை, ஆறு வருசத்தில் ஆறு பக்கெட் கொண்டுபோயிருந்தாள்.

இத்தனைக்கும் துப்பாக்கி முனையில் குறி பார்க்கிற முள்ளை அவரே சுத்தியலால் தட்டி வளைத்திருந்தார். குண்டு எப்போதும் இரண்டு விரற்கடை இடப்பக்கம் தள்ளித்தான் போகும். பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாத தொழில் ரகசியம் அது.

2006 ஆனியில், டவுனில் இருந்த துப்பாக்கி சுடும் கிளப் ஒரு போட்டி அறிவித்தது. யாரும் வரலாம், கட்டணம் கிடையாது. மைதானத்தை நாலு சுற்று ஓட வேண்டும். முதலில் வரும் பத்துப் பேர் சுடலாம். ஜெயித்தவருக்கு ஒரு வருசம் இலவசப் பயிற்சி. கண்ணையனின் மூளை வேலை செய்தது. கிளப்பில் சுடுகிறவள் பலூன் கடைப் பக்கம் தலைவைத்துப் படுப்பாளா? அவரே போய் அவள் பேரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

போட்டியன்று அவள் தெருவே திரண்டு வந்தது. எல்லாரும் அவருடைய வாடிக்கைக்காரர்கள். அமிர்தவல்லி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஓடி, ஷூ போட்டவர்களை மூச்சு வாங்க வைத்து இரண்டாவதாக வந்தாள்.

சோதனைக்கு ஐந்து குண்டு கொடுத்தார்கள். ஐந்தும் கறுப்பு வட்டத்துக்கு வெளியே, வலப்பக்கம், ஒரே ஓட்டையில். அட்டையைப் பார்த்த கிளப் செயலாளர் வெற்றிவேல், கண்ணில் ஏதாவது கோளாறா என்று அக்கறையாகக் கேட்டார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவள் உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கண்ணையனுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. வாயைத் திறந்தால் பிழைப்பு நாறிவிடும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். பக்கெட் ஞாபகம்கூட வரவில்லை.

"அமிர்தம், நேரா வெச்சுச் சுடும்மா. இது யோக்கியமான துப்பாக்கி."

அவள் திரும்பினாள். "அப்ப உங்குளுது? நான் எல்லாத் துப்பாக்கியும் கோணலாத்தான் இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்ணே."

மொத்தத் தெருவும் கண்ணையனைத் திரும்பிப் பார்த்தது. அமிர்தவல்லி அட்டையைப் பார்த்து, போட்டிக்குக் கொடுத்த பத்துக் குண்டையும் நடுவட்டத்தில் இறக்கினாள்.

அடுத்த மாதமே திருவிழா. மானம் போனதில் கண்ணையன் முள்ளை நிமிர்த்திவிட்டு, பயந்துகொண்டேதான் கடை போட்டார். பக்கெட்டையெல்லாம் அள்ளிப்போகத் தெருவே வந்து நின்றது. ஒரு பலூன்கூட வெடிக்கவில்லை. அவர் துப்பாக்கி இடப்பக்கம் இழுக்கும் என்றுதான் இப்போது ஊருக்கே தெரியுமே, அத்தனை பேரும் வலப்பக்கம் தள்ளியே சுட்டார்கள். துப்பாக்கியை நிமிர்த்தினேன் என்று அவர் சத்தியம் செய்தும் ஒருத்தரும் நம்பவில்லை. கண்ணையனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கிளப்பில் அன்றையப் பயிற்சி முடித்து நேராக வந்த அமிர்தவல்லி துப்பாக்கியை வாங்கி, முனையை ஒரு தரம் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"செவப்பு பக்கெட்ட எடுத்து வைங்கண்ணே."