மேல் டிவிஷன் முழங்கால்கள்

மழை பெய்தால் முழங்கால் வலிக்கும் என்று துஷ்யந்தி கண்டுபிடித்துவிட்டாள். இதைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். அவள் கணவன் கஜேந்திரனும் அதையேதான் கேட்டான். ஆனால் அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுச் சொன்னாள்.

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் டிஸ்பென்சரிக்கு அவள்தான் பொறுப்பு. மருந்து கொடுப்பதும் காயம் கட்டுவதும் ஊசி போடுவதும் அவள்தான். தோட்டத்துக்கே அவள் ‘மிஸி’. டிஸ்பென்சரி ரெஜிஸ்டரில் இருந்த இரண்டு வருடப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ரப்பர் ஸ்டோரில் தினமும் குறித்து வைக்கும் மழை அளவோடு பொருத்திப் பார்த்தாள். காலையில் மழை பெய்த நாட்களில் முழங்கால் வலி என்று வந்தவர்கள், மற்ற நாட்களைவிட மூன்று மடங்கு.

இது அவளுடைய முதுகலைப் படிப்பின் கடைசி ஆய்வு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில், வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் மூன்று வருடமாக மருத்துவத் தொற்றுநோயியல் படிக்கிறாள். நோய் யாருக்கு வருகிறது, எங்கே, எப்போது, ஏன் என்று எண்ணிப் பார்க்கிற படிப்பு. தோட்டத்தில் யாரிடமாவது பெயரைச் சொன்னால், “மறுபடியும் கொரோனாவா மிஸி?” என்று பயந்துபோய்க் கேட்பார்கள்.

சென்ற வருடம் அவள் கொடுத்த ஆய்வு தேறவில்லை. இன்னும் ஒரேயொரு வாய்ப்புத்தான். வரும் சனிக்கிழமை இரண்டு மணிக்குத் தேர்வாளர்கள் முன்னால் பேச வேண்டும். அதிலும் தவறினால் மூன்று வருடமும் ஆற்றில் கரைத்த புளி.

புதன்கிழமை மாவனல்லை நுஹாவிடம் போனில் ஒத்திகை பார்த்தாள். நுஹா அவளோடு அதே படிப்புப் படிக்கும் டாக்டர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு நுஹா சொன்னாள்:

“நல்லா ஈக்கி. ஒங்கட தோட்டத்துல ரெண்டு டிவிஷன் தானே? தனித்தனியாப் பிரிச்சுப் பார்த்தீங்களா? கட்டாயம் கேப்பாங்க.”

பார்க்கவில்லை. போனை வைத்ததும் பார்த்தாள். கீழ் டிவிஷனில் மழை நாளில் வலி ஐந்து மடங்காக இருந்தது. மேல் டிவிஷனில் ஒன்றுமே இல்லை. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் முழங்கால் வலி என்று அங்கிருந்து வருகிறவர்களே அபூர்வம். ஒரே மலை, ஒரே மழை, இன்னும் சொல்லப்போனால் அங்கேதான் சரிவு செங்குத்து. அப்படியிருக்க மேல் டிவிஷன் முழங்கால்கள் மட்டும் இரும்பா?

‘பதிவுகள் போதாமையால் மேல் டிவிஷன் சேர்க்கப்படவில்லை’ என்று ஒரு வரி போட்டால் காரியம் முடிந்துவிடும். மறைப்பானேன், அந்த வரியை எழுதியும் விட்டாள். எழுதியபின் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் மழை. டிஸ்பென்சரியை உதவியாளரிடம் விட்டுவிட்டு, குடையும் கையுமாக மேலே ஏறினாள். கீழ் டிவிஷன் தொழிலாளர்களின் லய வீடுகளைத் தாண்டும்போது வேலை இல்லாமல் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். நாலைந்து பேர் அவளுக்கு எதிரே, டிஸ்பென்சரிக்குத்தான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். “மிஸி நீங்க மேல போனா எங்களுக்கு யாரு மருந்து குடுக்கிறது?” என்று ஒருவர் குறைபட்டுக்கொண்டார். அவள் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. காலில் அட்டைகள்தான் ஏறின.

மேல் டிவிஷனில் அந்த மழையிலும் பெண்கள் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சரிவில் ஒருத்தி பக்கவாட்டாக, ஒவ்வொரு அடிக்கும் முழங்காலைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தாள். பக்கத்தில் வந்தபின்தான் அது ஜீவராணி என்று தெரிந்தது. இரண்டு பேரும் பத்தாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள்.

“என்னடி ஜீவா, முழங்கால்ல என்ன?”

“வலிதான். ரெண்டு வருசமா.”

“ரெண்டு வருசமா! ஏன்டி டிஸ்பென்சரிக்கு வரல?”

“எப்ப வாரது, சொல்லு? ஆறு மணிக்கு பேர் பதிய பெரட்டுல நிக்கணும். வெட்டி, பால் சேத்து, ஸ்டோர்ல நிறுத்துக் குடுக்க ஒரு மணியாயிரும். நீ ஒரு மணிக்குக் கதவப் பூட்டிட்டுப் போயிருவ. முந்தியெல்லாம் மழை பேஞ்சா வெட்டு இல்ல. அன்னைக்கு வந்து மருந்து வாங்குவோம். இப்பதான் எங்க மரத்துக்கெல்லாம் பாவாடை கட்டிட்டாங்களே.”

பாவாடை என்று அவள் சொன்னது, வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த பிளாஸ்டிக்கை. மழைத் தண்ணீர் பாலில் விழாமல் அது தடுக்கும். மேல் டிவிஷனுக்கு அதைக் கட்டி இரண்டு வருடமாகிறது. கீழ் டிவிஷனுக்கு இன்னும் வரவில்லை.

துஷ்யந்தி நின்ற இடத்திலேயே நின்றாள். மழை யாருடைய முழங்காலையும் நோகடிக்கவில்லை. அது வேலையை நிறுத்தியது, அவ்வளவுதான். வலி எல்லா நாளும் இருந்தது. வந்து சொல்லத்தான் நேரம் இல்லை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் பால் வெட்டியவர்கள். சின்ன வயதில் அவளுக்குக் காது வலித்தாலும் பல் வலித்தாலும் மழை நாளில்தான் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார்கள். இவ்வளவும் தெரிந்தவள் இரண்டு வருடக் கணக்கைப் போட்டு, மூன்று மடங்கு என்று பெருமையாக எழுதி வைத்திருக்கிறாள்! வெட்கம் பிடுங்கித் தின்றது. அதோடு சிரிப்பும் வந்தது. அடக்க முடியவில்லை.

“என்னடி தனியா சிரிக்கிற? காலப் பாரு, அட்ட ரத்தம் குடிக்குது,” என்றாள் ஜீவராணி.

அன்று பிற்பகலும் மறுநாளும் துஷ்யந்தி லயம் லயமாக ஏறி இறங்கினாள். மேல் டிவிஷனில் நாற்பது பேரைக் கேட்டாள், இருபத்தாறு பேருக்கு முழங்கால் வலி. கீழ் டிவிஷனில் நாற்பது பேர், இருபத்தைந்து பேருக்கு வலி. எந்த டிவிஷனிலும் இரும்பு முழங்கால் இல்லை.

கஜேந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“நாளைக்கு இதையா சொல்லப்போற? அனே கடவுளே, மொதல்ல பாஸ் பண்ணு. அப்புறம் மெதுவா ஆறுதலா தப்புன்னு சொல்லிக்கலாம்.”

“பாஸ் பண்ணிட்டா அது ஆராய்ச்சியாயிரும். மழைதான் காரணம்னு நம்பி, நாளைக்கு யாராவது ஜீவாவுக்கு ஒரு ரெயின்கோட் வாங்கிக் குடுத்துட்டுப் போயிருவாங்க. அவ முழங்காலுக்கு யாரு மருந்து குடுக்கிறது?”

கஜேந்திரன் சனிக்கிழமை ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு, சிக்னல் நன்றாக வரும் ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

திரையில் இரண்டு தேர்வாளர்கள். துஷ்யந்தி காட்டிய முதல் ஸ்லைடு படத்தில் ஒரே வரி: ‘எனது முதல் முடிவு தவறு.’ பிறகு கீழ் டிவிஷன், மேல் டிவிஷன், மரத்தின் பாவாடை, எண்பது பேரின் முழங்கால்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். குரல் முதலில் நடுங்கியது, பாவாடைக்கு வந்ததும் சரியாகிவிட்டது.

“அப்படியானால் உங்கள் ரெஜிஸ்டர் எதைத்தான் அளக்கிறது?” என்று கேட்டார் மூத்த தேர்வாளர்.

“நோயை அல்ல,” என்றாள் துஷ்யந்தி. “யாருக்கு எப்போது ஓய்வு கிடைக்கிறது என்பதை அளக்கிறது. நான் கதவைத் திறந்து வைத்திருக்கும் நேரமும் அவர்கள் வேலை செய்யும் நேரமும் ஒன்று.”

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து லைன் இழுத்துக்கொண்டது. திறந்த வாயோடு அவர் திரையில் உறைந்துபோனார். அது மெச்சுகிற வாயா, திட்டுகிற வாயா என்று புருசனும் பெண்டாட்டியும் எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லை. முடிவு இரண்டு வாரத்தில் வரும் என்று பின்னால் ஒரு செய்தி மட்டும் வந்தது.

இரண்டு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க அவளால் முடியவில்லை. திங்கட்கிழமையே அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு தோட்ட மேனேஜரான பெரிய தொரையிடம் போனாள். அவர் முகத்தைச் சுளித்தார், இரண்டு தரம் பார்த்தார், கடைசியில் செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணி முதல் ஆறு மணி வரை டிஸ்பென்சரியைத் திறக்கச் சம்மதித்தார்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலில் முப்பத்தொரு பேர், பெரும்பாலும் மேல் டிவிஷன். துஷ்யந்தி ஜீவராணியின் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேசையில் போன் அதிர்ந்தது. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

“எடுத்துப் பாருடி. என் முழங்கால் எங்கயும் ஓடாது,” என்றாள் ஜீவராணி.

பார்த்தாள். தேறிவிட்டாள். சொன்னதுதான் தாமதம், வரிசை முழுக்கக் கைதட்டல். மருந்துப் போத்தலோடு நின்ற ஒருவர், “மிஸி இனி பெரிய டாக்டரா?” என்றார். “இல்லங்க, நோய்க்குக் கணக்கப்புள்ள,” என்று சொல்லிவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜீவராணி மட்டும் கைதட்டவில்லை. கட்டிலில் இருந்தபடியே மெதுவாகக் கேட்டாள்:

“படிப்பு முடிஞ்சிருச்சு. அப்ப இனிமே சாயந்திரம் தெறக்க மாட்ட, என்ன?”

வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். எல்லோரும் மனதுக்குள் வைத்திருந்த கேள்வி அதுதான் போலிருக்கிறது. துஷ்யந்தி போனை மேசை லாச்சிக்குள் போட்டாள். ஜீவராணியின் சீட்டை எடுத்து, ‘செவ்வாய், நான்கு மணி’ என்று பெரிய எழுத்தில் எழுதி அவள் கையில் வைத்தாள்.

“வராம இருந்து பாரு, மேல ஏறி வந்து இழுத்துட்டு வருவேன். அடுத்தது யாருங்க, உள்ள வாங்க!”