ஆடு தின்ற வல்லாரை மாத்திரை

சதுரங்கத்தில் இருபது வருடமாக மச்சானிடம் தோற்று வந்தேன். இம்முறை தோற்பவர் மீசையை எடுக்க வேண்டும் என்று பந்தயம். மூளைக்கு நல்லதென்று வல்லாரை மாத்திரை வாங்கினேன். ஒன்றை நான் விழுங்குவதற்குள் எங்கள் வீட்டு ஆடு டப்பாவோடு தின்றுவிட்டது.

வேறு வழியில்லாமல் என் சொந்த மூளையோடு விளையாட உட்கார்ந்தேன். ஆடு பக்கத்தில் வந்து நின்றது. குதிரையைத் தொட்டேன்; முழங்கையில் முட்டியது. யானையைத் தொட்டேன், தலையாட்டியது. பதினோராவது நகர்த்தலில் மச்சானின் ராஜா மாட்டிக்கொண்டார்.

"அழுகுணி ஆட்டம் அத்தான்! ஆடு சொல்லிக்குடுத்துச்சு!"

"ஆட்டுகிட்ட தோத்தேன்னு வெளியில சொல்லிக்கப்போறியா மாப்ள?"

மச்சான் சவரக்கத்தியை எடுத்தார்.

கீழே விழுந்த மீசையை ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. அறிவு வந்தபிறகு அது கண்டதையும் தின்பதில்லை.