எதற்கென்று பிறகு கேளுங்கள்

1

இரண்டு பாட்டில் மிளகாய்த் தொக்குக்காக எழுத ஒப்புக்கொண்ட கதை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என்னைப் பெரிய இலட்சியவாதி என்று நினைத்துவிடக் கூடாது.

எங்கள் மாடி வீட்டில் இருக்கும் சோர்னிட்சா ஒரு கோச். பந்து விளையாட்டுக்கு இல்லை. வேலையில் எப்படி மேலே போவது, எதற்காகப் பிறந்தோம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பிளோவ்டிவ் நகரத்துக்காரர்களுக்கு வழி சொல்பவள். தன் இணையதளத்தில் போட ஒரு வெற்றிக் கதை வேண்டும் என்று வந்து நின்றாள்.

"அரைப் பக்கம் போதும்ணே. ஒருத்தர் குழம்பிப்போய் வந்தாரு, என்கிட்ட பேசினாரு, தெளிவாயிட்டாரு. அவ்வளவுதான். ஆளும் சம்மதிச்சுட்டாரு, உங்ககிட்டயும் பேசுவாரு. அம்மா அனுப்பின தொக்கு ரெண்டு பாட்டில் தரேன்."

"கத்திரிக்காய் சுட்டுப் போட்டதா?"

"போட்டதுதான்."

அப்படியானால் எழுதலாம்.

2

முதல் வரிகள். எல்லாம் கைவிட்டவை.

'ராதோஸ்டின் தன் கனவைத் தேடிப் புறப்பட்டபோது' [எங்கே புறப்பட்டான்? பேருந்தில் வந்தான். அதுவும் தாமதமாக.]

'நாற்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதனுக்குள் உறங்கிக்கொண்டிருந்த சிங்கம்' [வேண்டாம்.]

'ஃப்ரிட்ஜ்களின் உலகில் ஒரு' [சீச்சீ.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். ராதோஸ்டின் ஃப்ரிட்ஜ் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் புகார் பிரிவில் வேலை பார்ப்பவன். தொலைபேசியை எடுப்பான், திட்டு வாங்குவான், ஏதாவது செய்வான். அவனைப் பிரிவுத் தலைவராக்க மேலதிகாரி வெலிச்கோவா முடிவு செய்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டுமா வேண்டாமா என்று அவனுக்கே தெரியவில்லை. அதற்காகத்தான் சோர்னிட்சாவிடம் வந்தான்.

3

அவர்கள் பேசியதை இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டும் ஏறக்குறைய பொருந்துவதால் நம்பி எழுதுகிறேன்.

"அஞ்சு வருஷம் கழிச்சு உங்கள எங்க பாக்கறீங்க?"

"அதே சீட்லதான். ஜன்னல் ஓரம். வெயில் வராது."

"சரி, இப்படிக் கேக்கறேன். நீங்க எதுக்காகப் பொறந்தீங்க? ஒரே வாக்கியம். யோசிக்காம சொல்லுங்க."

"ஃபோன் எடுக்க."

சோர்னிட்சா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவள் சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அந்த இடத்தில்தான் அவளை எனக்குப் பிடித்தது. மற்றபடி அவளுடைய கேள்விகள் எல்லாம் எங்கோ ஒரு பயிற்சி வகுப்பில் மொத்தமாக வாங்கி வந்தவை.

4

[என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்த பகுதி. அவசரமிருந்தால் தாண்டிப் போகலாம். ஆனால் போகாதீர்கள்.]

புகார் கேட்பது பிடிக்கும் என்கிறான் ஒருவன். யார் நம்புவார்கள்? கதைக்காக நானே ஊதிவிட்டதாக நினைப்பீர்கள். அதனால் அவனிடமே கேட்டேன்: "உண்மையச் சொல்லுங்க, மேல போக பயம்தானே?"

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஹாஸ்கோவோ என்ற ஊரிலிருந்து பேசிய ஒருவரைப் பற்றிச் சொன்னான். ஃப்ரிட்ஜைச் சாத்திய பிறகும் உள்ளே விளக்கு எரிகிறது என்பது அவர் புகார். சாத்திய பிறகு எப்படித் தெரியும் என்று கடைக்காரர் சிரித்தார், மெக்கானிக் சிரித்தார், சொந்த மருமகனும் சிரித்தான். அந்த மனிதர் கத்திக்கொண்டே இருந்தார்.

"நான் சொன்னேன், மொபைல்ல வீடியோவ ஓடவிட்டு உள்ள வச்சு சாத்துங்கன்னு. வச்சாரு. நான் லைன்லயே இருந்தேன். எடுத்துப் பாத்தா எரியுது! நெஜமாவே எரியுது!"

"அப்புறம்?"

"மறுபடியும் ஓடவிட்டுப் பாத்தாரு. அப்புறம் 'என்னைய நம்பினியேப்பா'ன்னாரு. குரல் ஒடஞ்சுபோச்சு. ஒரு பல்புக்கு, பாத்துக்கோங்க."

சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

5

பிறகு ஏன் குழப்பம்? வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே?

இங்கேதான் சிக்கல். அவன் வேண்டாம் என்றால் அந்த நாற்காலி ஸ்வெத்லின் என்பவனுக்குப் போகும். ஸ்வெத்லின் கெட்டவன் இல்லை. ஆனால் புகார் கேட்க மனிதர்கள் எதற்கு, இயந்திரக் குரலே போதும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசிக்கொண்டிருப்பவன். 'விளக்கு எரிந்தால் எண் மூன்றை அழுத்தவும்' என்று அது சொல்லும். ஆக, நாற்காலியில் உட்கார்ந்தால் ராதோஸ்டின் அந்தத் தொலைபேசிகளைக் காப்பாற்றலாம், ஆனால் எடுக்க முடியாது. எடுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் எடுக்கத் தொலைபேசியே இருக்காது.

இதற்கு என்ன ஆலோசனை சொல்வீர்கள்? நானாக இருந்தால் வேறு கோச்சைப் பாருங்கள் என்றிருப்பேன். சோர்னிட்சா துணிச்சல்காரி.

"முடிவெடுக்க முடியலைன்னா எடுத்துட்ட மாதிரி நடந்துக்கோங்க. நாளைக்கு ஒரு சாக்லேட் பெட்டி வாங்கிட்டுப் போங்க. எல்லாருக்கும் குடுங்க. குடுக்கும்போது வாயில என்ன வருதோ அதுதான் உங்க முடிவு. குடுத்தப்புறம் பின்வாங்கவும் முடியாது."

(பதவி உயர்வு, பிறந்தநாள், புதுக் கார் எதுவானாலும் நல்ல செய்தி உள்ளவர்தான் இங்கே ஊருக்கு இனிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவன் கஞ்சன் என்று பெயர் வாங்குவான்.)

யோசனை நல்லதுதான். ஆனால் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் ஒன்றை மறந்துவிட்டாள். இங்கே பெட்டியை நீட்டினால் முதலில் எடுப்பார்கள், பிறகு வாழ்த்துவார்கள். எதற்கு என்ற கேள்வி கடைசியில்தான். பாதிப் பேர் அதைக் கேட்பதே இல்லை.

6

வியாழக்கிழமை அவன் பெட்டியோடு மேசை மேசையாகப் போனான்.

கணக்குப் பிரிவில், "அடடா, கார் வாங்கிட்டியா? நல்லா இரு, பத்திரமா ஓட்டு!" என்றார்கள். கிடங்கில், "பொண்ணுக்கு காலேஜ் கெடச்சிருச்சா? சந்தோஷம்பா!" என்று முதுகில் தட்டினார்கள். வெலிச்கோவா இரண்டு எடுத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும், சரியான முடிவுதான்" என்று கண்ணடித்தாள். ஸ்வெத்லினும் ஒன்று எடுத்தான். தனக்கும் ஏதோ தெரியும் என்ற நினைப்பு அவனுக்கு. ராதோஸ்டின் வேலையை விட்டே போகிறான் என்று எண்ணி, உண்மையான வருத்தத்தோடு கட்டிப்பிடித்தான்.

ராதோஸ்டின் வாயில் எதுவும் வரவில்லை. வரத் தேவையே இருக்கவில்லை. எல்லா வாழ்த்தையும் வாங்கிக்கொண்டு தன் இடத்துக்கு வந்தான். பக்கத்து சீட் பிளாமெனா எடுத்துக் கடித்தாள், "நூறு வருஷம் இரு" என்றாள், மென்றுகொண்டே கேட்டாள்:

"ஆமா ராதோ, எதுக்கு இது?"

அந்த நேரம் பார்த்து அவன் மேசையில் தொலைபேசி அடித்தது.

7

முடிவுகள்.

அ) சோர்னிட்சாவுக்கான முடிவு: "பிரிவுத் தலைவராகிவிட்டேன்" என்கிறான். கைதட்டல். புகைப்படம். இணையதளம். [பிளாமெனாதான் தொலைபேசியை எடுக்கிறாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் படத்தில் வெட்டிவிடலாம்.]

ஆ) எனக்கான முடிவு: பதில் சொல்லாமல் தொலைபேசியை எடுக்கிறான். அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்பவில்லை. பதவி உயர்வே கிடைக்காத என் மாதிரி ஆட்கள் இந்த முடிவைத்தான் எப்போதும் எழுதுவோம்.

இ) 'இரண்டுக்கும் நடுவே ஒரு வழி' [இருந்தால் அவனே கண்டுபிடித்திருக்க மாட்டானா?]

8

சோர்னிட்சாவிடம் இதுவரை எழுதியதைப் படிக்கக் கொடுத்தேன்.

"என்னண்ணே, என்னைய இப்படி வாரியிருக்கீங்க? முடிவு எங்க?"

"நீயே சொல்லேன்."

அவள் தாள்களை மேசையில் வைத்தாள். பிறகு, "நான் பேங்க் வேலைய விட்டுட்டு இதுக்கு வந்தப்போ யாருக்கும் ஒரு மிட்டாய்கூட குடுக்கலண்ணே" என்றாள். "நல்ல செய்திதானான்னு எனக்கே தெரியல. யாராச்சும் எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு பயம். இவரு அந்த பயத்தோடயே பெட்டியத் தூக்கிட்டுப் போயிருக்காரு பாருங்க."

தொக்கு அருமையாக இருக்கிறது என்று ஏதோ உளறினேன்.

9

ராதோஸ்டின் பிளாமெனாவுக்கு என்ன பதில் சொன்னான் என்பது எனக்குத் தெரியும். அந்த வியாழக்கிழமை மாலை சோர்னிட்சா வீட்டில் இல்லாததால் பெட்டியோடு என் கதவைத் தட்டினான். நானும் ஒன்று எடுத்தேன், வாழ்த்தினேன், பிறகுதான் கேட்டேன். சொன்னான்.

உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் எடுக்காமலேயே பெட்டியை நகர்த்திவிடுவீர்கள். அன்று அந்த அலுவலகத்தில் ஒருவர்கூட நகர்த்தவில்லை. அவன் எந்தப் பக்கம் போவான் என்று தெரியாமலேயே நல்லா இரு என்று சொன்னார்கள். "அவ்வளவு பேரு சொன்னப்புறம் எந்தப் பதில் சொல்லவும் பயமில்லாமப் போச்சுங்க" என்றான் அவன்.

போகும்போது பெட்டியை என்னிடமே விட்டுப்போனான். ஒன்று மிச்சமிருக்கிறது, உள்ளே கொட்டை வைத்தது.

எடுத்துக்கொள்ளுங்கள். அவனை வாழ்த்துங்கள், வாய்விட்டு.

ஆயிற்றா? இப்போது கேளுங்கள்.