திருத்தி அனுப்பிய வெப்பமானி

1957இல் நுவரெலியாவில் ஒரு சிறிய பள்ளியில் ஐவி டீச்சர் விஞ்ஞானம் படிப்பித்தார். கொழும்பிலிருந்து வித்தியாதரிசி கனகரத்தினம் பள்ளியைப் பார்வையிட வந்த அன்று, டீச்சர் வகுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தார். வெப்பமானி பாரன்ஹீட் கணக்கில் இருநூற்றொரு பாகையில் நின்றது.

"இருநூற்றுப் பன்னிரண்டிலதானே கொதிக்க வேணும்? உங்கட கருவி பழுது" என்றார் வித்தியாதரிசி.

"பழுதில்லைங்க ஐயா. நாம ஆறாயிரம் அடி உசரத்துல இருக்கோம். காத்தோட அமுக்கம் இங்க கம்மி. அதனால அவ்வளவு சூடு ஏறுறதுக்கு முன்னாலயே தண்ணி கொதிச்சிடுது. பருப்பு வேகவும் அதனாலதான் இவ்வளவு நேரமாகுது."

"புத்தகத்தில அப்பிடி இல்லையே!"

டீச்சர் மூன்று முறை விளக்கினார். மூன்றாம் முறை குரல் உயர்ந்துவிட்டது. வித்தியாதரிசி கேட்பதாயில்லை. பள்ளியில் இருந்த அந்த ஒரே வெப்பமானியைத் துணியில் சுற்றிக் கொழும்புக்கே கொண்டுபோய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து அது ஒரு கடிதத்தோடு திரும்பி வந்தது: 'கருவி திருத்தப்பட்டுள்ளது. இங்கே சோதித்ததில் சரியாக இருநூற்றுப் பன்னிரண்டு காட்டுகிறது.'

டீச்சர் உடனே அடுப்பை மூட்டினார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வெப்பமானி காட்டியது இருநூற்றொன்றுதான்.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு பிள்ளைகளிடம் சொன்னார்: "எல்லாரும் புத்தகத்த எடுங்க. இருநூத்திப் பன்னிரண்டுக்குப் பக்கத்துல 'கொழும்புல மட்டும்'னு எழுதுங்க."