பொருள் தருக

முதல் பருவத் தேர்வில் ‘கயல்’ என்ற சொல்லுக்குப் பொருள் தருக என்று கேட்டிருந்தார்கள். லிப்ட் மெக்கானிக்கின் மகள் ‘மீன்’ என்று எழுதியதும் விடைத்தாளின் மேல் விரல் நீள மீன் ஒன்று வந்து துள்ளியது. கண்காணிப்பாளர் ஓடிவந்து பார்த்தார், கேள்வித்தாளையும் ஒருமுறை படித்தார். பொருள் தரச் சொன்னார்கள், பெண் தந்திருக்கிறாள், இதில் குற்றம் எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் வரவழைத்து மீனை அதில் விட்டுவிட்டு, மற்றவர்களை அவரவர் தாளைப் பார்த்து எழுதச் சொன்னார்.

அது சின்னஞ்சிறு தனியார் பல்கலைக்கழகம். ஊரே கணினியும் நிர்வாகமும் படிக்க வந்த இடத்தில் இளங்கலை இலக்கியத்துக்கு மொத்தம் ஏழே பேர். வகுப்பு ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் என்பதால் கரண்ட் போனால் பாடமும் போய்விடும். சின்ன இடத்தில் ஒரு வசதி, எதையும் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள். அடுத்த பருவத்துக்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது: தேர்வில் வரும் பொருளை விடைத்தாளோடு நூலால் கட்டி அனுப்பவும், திருத்திய பின் மாணவி கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளலாம், வேழம், களிறு முதலிய யானைச் சொற்களை வினாத்தாளில் தவிர்க்கவும். அவள் தாளைத் திருத்துகிறவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். பொருள் பிழையென்றால் ஒன்றும் வராது, வந்திருந்தால் முழு மதிப்பெண், மூளையைக் கசக்க வேண்டியதில்லை. ‘அரவம்’ கேட்ட பருவத்தில் மட்டும் அறையே கால்களைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டது. புண்ணியவதி, பாம்பு என்று எழுதாமல் ஓசை என்று எழுதினாள். யாரோ கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். சத்தத்துக்கு எங்கே நூல் கட்டுவது என்று கண்காணிப்பாளர்தான் தவித்துப்போனார்.

இத்தனை பொருள் வந்த பெண்ணுக்கு வீட்டில் ஒரு சொல் வரவில்லை. அப்பா தாமே பூர்த்தி செய்து கொண்டுவந்த எலக்ட்ரிகல் டிப்ளமோ விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு அவள் இலக்கியத்தில் போய்ச் சேர்ந்த அன்றைக்கு, “இனிமே எனக்குப் பொண்ணே இல்ல” என்றார். கோபத்தில் வந்த வார்த்தைதான், மறுநாளே அவருக்குக் கசந்தும் இருக்கும். ஆனால் அந்த மனுஷனுக்கு வீம்பு ஜாஸ்தி. மூன்று வருஷமாக ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். “தண்ணி வேணுமான்னு அவகிட்ட கேளு” என்பார் மனைவியிடம். “நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் போஸ்ட்மேனா?” என்று அம்மா இரைவாள், இரைந்துவிட்டுக் கேட்டும் சொல்வாள். மகள் காய்ச்சலில் படுத்தால் தலைமாட்டில் மாத்திரை இருக்கும், வைத்த ஆள் இருக்கமாட்டார். அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

கடைசிப் பருவம், கடைசித் தேர்வு. இரண்டு மதிப்பெண் பகுதியில் ஐந்தாவது சொல் ‘எந்தை’. பழந்தமிழில் என் தந்தை என்று அர்த்தம். உன் தந்தையென்றால் நுந்தை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள், ஆனால் பேனா இறங்கவில்லை. எழுதியும் அவர் வராமல் போய்விட்டால்? பொருள் பிழை என்றாகிவிடுமே, அன்றைக்கு அவர் சொன்னது மெய்தான் என்று ஆகிவிடுமே. இரண்டு மதிப்பெண் போனால் போகிறது என்று கட்டுரைகளுக்குப் போய்விட்டாள். பதினோராம் கேள்வி பாதியில் இருக்கும்போது பத்து நிமிஷம்தான் மிச்சமிருந்தது. வருவது வரட்டும் என்று அதை அப்படியே விட்டுவிட்டு ஐந்தாவது சொல்லுக்கு ‘என் தந்தை’ என்று எழுதிவிட்டாள். மற்றச் சொற்களுக்கெல்லாம் மை காய்வதற்குள் பொருள் வந்துவிடும். இதற்கு மை காய்ந்தது. மணியும் அடித்தது. கண்காணிப்பாளர் வந்து தாளுக்குக் கை நீட்டினார். கொடுக்க மனமில்லாமல் அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது பெஞ்சின் மறுமுனை கிறீச்சிட்டது. கையில் ஸ்பானரும் சட்டையில் கிரீசுமாக அப்பா உட்கார்ந்திருந்தார். ஆறாவது மாடியில் நின்றுபோன லிப்டுக்குள் இரண்டு பேர் மாட்டியிருந்தார்களாம், அவர்களை இறக்கிவிடாமல் வரமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றதில்தான் தாமதம். அவள் வாய்விட்டு அழுதாள். கண்காணிப்பாளர், “தப்பா நெனைக்காதீங்க, ரூல்ஸ்” என்று அவர் மணிக்கட்டில் நூலைக் கட்டித் தாளோடு முடிச்சுப் போட்டார்.

ஆளைக் கட்டி வைத்திருக்க முடியாது என்பதால் அந்தத் தாளை மட்டும் அன்றைக்கே திருத்தினார்கள். பேராசிரியர் வந்து சேரும்வரை மெக்கானிக்குக்கு வேறு வேலையில்லை. முப்பத்திரண்டு பக்கத்தையும் உதடு அசைய எழுத்துக்கூட்டிப் படித்தார், சில பக்கங்களை இரண்டு தரம். பேராசிரியர் அவரை நிமிர்ந்து பார்த்து, சரிதான் என்று ஐந்தாவது சொல்லுக்கு இரண்டு போட்டார்.

“இவ்ளோ தூரம் வந்திருக்கேன், ரெண்டுதானா?”

“அது ரெண்டு மார்க் கேள்விங்க. அதுக்கு மேல போட எனக்கு அதிகாரம் இல்ல.”

பொருள்: தந்தை, ஒன்று, நல்ல நிலையில் உள்ளது என்று பதிவேட்டில் எழுதியிருந்ததன் கீழே அவள் கையெழுத்திட்டு அவரைப் பெற்றுக்கொண்டாள். பஸ் நிறுத்தம்வரை இருவரும் சேர்ந்து நடந்தார்கள். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுவிட்டு அவர் தொண்டையைச் செருமினார்.

“பதினோராம் கேள்விய ஏம்மா அப்பிடிப் பாதியில விட்ட? நல்லாப் போயிட்டிருந்துச்சு.”

“டைம் இல்லப்பா.”

“இப்ப இருக்குல்ல. மிச்சத்தைச் சொல்லு.”

அவள் சொல்ல ஆரம்பித்தாள். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனது, அப்புறம் இன்னும் இரண்டு நிறுத்தம் போனது. அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் வந்தார், வாயைத் திறக்கவில்லை.