விஜயகுமாரி பல் கட்டிக்கொண்டாள்

மேல்வரிசையில் முன்பல் இரண்டும் போனபோது விஜயகுமாரிக்கு இருபத்தாறு வயது. பம்ப்செட் தொட்டியில் துணி அலசப் போன இடத்தில் பாசி வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். பூஞ்சேரியில் யாரும் சந்தேகப்படவில்லை. அந்தத் தொட்டியருகே வழுக்கி விழுந்தவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள்.

நடந்தது வேறு. அவள் கணவன் ராஜாராம் மாமல்லபுரம் வரும் சுற்றுலாக்காரர்களுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். 1993இல் ஆடி மாதத்தில் ஒருநாள் குடித்துவிட்டு வந்து, கோவளத்துக்குச் சவாரி இருக்கிறதென்று வேன் சாவியைத் தேடினான். சாவியை அவள் அரிசிப் பானைக்குள் போட்டிருந்தாள். எங்கே என்று கேட்டான். அவள் சொல்லவில்லை. கையிலிருந்த எவர்சில்வர் டார்ச் லைட்டால் முகத்தில் அடித்தான். ஒரு பல் அங்கேயே விழுந்தது. இன்னொன்று சில நாள் ஆடிக்கொண்டிருந்துவிட்டு விழுந்தது. சாவி இருந்த இடத்தை அவள் அப்போதும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் ராஜாராம் சபரிமலைக்கு மாலை போட்டான். மாலையைக் கழற்றிய பிறகும் குடியைத் தொடவில்லை. அவள்மேல் கை ஓங்கவும் இல்லை. ஆனால் பம்ப்செட் கதையை அவளைவிட அவன்தான் அதிகமாகச் சொன்னான். "ஈரத்துல கால வெச்சா. அப்டியே போயி தொட்டி விளிம்புல மோதிகினா" என்று பார்த்தவன் போலவே சொல்வான். சிற்பப் பட்டறையில் வேலை செய்யும் தாவீதைக் கூட்டிவந்து, தொட்டியைச் சுற்றியிருந்த கற்பலகைகளை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கினான். அதனால் ஊரில் அவனுக்கு நல்ல பெயர் வந்தது. "பொண்டாட்டி வுழுந்தான்னு கல்லையே கொத்திப் போட்டான் என் தம்பி" என்று அவன் அக்கா பார்வதம் போகிற இடமெல்லாம் சொன்னாள். விஜயகுமாரி பக்கத்தில் இருந்தால் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஐந்து ரதத்துக்குப் போகும் வழியில் அவளுக்கு ஓர் இளநீர்க் கடை இருந்தது. யாரிடம் பேசினாலும் இடது கை தானாக வாய்க்குப் போகும்.

"பல்லு கட்டிக்கோ குமாரி. செங்கல்பட்டுல நல்லா பண்றாங்களாம்" என்று ராஜாராம் அவ்வப்போது சொல்வான்.

"இப்ப இன்னா அவசரம்" என்பாள். அவன் ஏன் சொல்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். சோறு போடும்போதெல்லாம் அவன் எதிரே அந்த வாய்தான் இருந்தது.

2001இல் பஞ்சாயத்துப் பள்ளியில் பல் மருத்துவ முகாம் நடந்தது. காலி இடத்தை நோக்கிப் பக்கத்துப் பற்கள் சாய்கின்றன, விட்டால் அவையும் ஆடத் தொடங்கும் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் ராஜாராமிடம், "போலாம். இருக்கறதாவது நிக்கட்டும்" என்றாள்.

செங்கல்பட்டில் ராட்டினங்கிணறு அருகே ஒரு மாடியில் டாக்டர் ரோகிணியின் மருத்துவமனை இருந்தது. விஜயகுமாரியை நாற்காலியில் சாய்த்து, விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு டாக்டர் கேட்டாள்: "இந்த ரெண்டும் எப்படிம்மா போச்சு?"

பின்னால் நின்றிருந்த ராஜாராம் முந்திக்கொண்டான். "வழுக்கி வுழுந்துட்டா டாக்டர். பம்ப்செட்டாண்ட."

டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள். "பக்கத்துப் பல்லு ஒண்ணு கறுத்திருக்கு. உள்ள உயிர் இல்ல. ஆனா கீழ்வரிசைக்கு ஒண்ணும் ஆகல, மோவாய்ல தழும்பும் இல்ல. குப்புற விழுந்தா அங்கயும் பட்டிருக்குமே. ஏதாவது நேரா வந்து பட்டுதா? தெரிஞ்சா எனக்கு உதவியா இருக்கும்."

வாய்க்குள்ளிருந்த சின்னக் கண்ணாடியை அவள் வெளியே எடுக்கும்வரை விஜயகுமாரி காத்திருந்தாள்.

"வுழல டாக்டரம்மா. இவரு டார்ச் லைட்டால அடிச்சது. எட்டு வருசம் ஆவுது."

குரலில் கோபம் இல்லை. ஊர்ப் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.  ராஜாராம் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"இப்பவும் அடிக்கிறாரா?"

"இல்ல. அதோட சரி."

"நிஜமாவா?"

"ஒரு நிஜம் இப்பதான் சொன்னேன். இதையும் நம்புங்க."

டாக்டர் ஒரு பிளாஸ்டர் அச்சைக் காட்டி விளக்கினாள். இடைவெளிக்கு இரண்டு பக்கமும் உள்ள பற்களைச் சுற்றிலும் ராவிச் சிறிதாக்க வேண்டும். பிறகு நான்கு பற்கள் ஒன்றாகச் சேர்ந்த ஒரே துண்டை அவற்றின்மேல் மாட்டி ஒட்டிவிடுவார்கள். கறுத்த பல்லுக்கு முதலில் வேர் சிகிச்சை.

"நல்லா கீற பல்ல எதுக்கு ராவணும்?"

"பாலத்துக்கு ரெண்டு பக்கமும் தூண் வேணும்மா. நடுவுல எதுவும் இல்லாம தொங்காது."

விஜயகுமாரி அச்சைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரி" என்றாள்.

அன்றே வேர் சிகிச்சை தொடங்கியது. ஊசி போட்டதில் மேலுதடு மரத்துப்போய், பஸ்ஸில் அவள் கைக்குட்டையை வைத்து எச்சிலைத் துடைத்துக்கொண்டே வந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ராஜாராம் கேட்டான்:

"அங்க போயி ஏன் சொன்ன?"

"டாக்டராண்ட பொய் சொன்னா வைத்தியம் எப்டி ஆவும்?"

"எட்டு வருசமா சொல்லிகினு இருந்தது பொய்தான?"

"எட்டு வருசமா சொன்னது நீ. நான் முத வாரத்தோட நிறுத்திட்டேன்."



அதற்குப் பிறகு சில தடவை போகவேண்டியிருந்தது. ராஜாராம் ஒவ்வொரு முறையும் கூடவே வந்தான். உள்ளே மட்டும் போகவில்லை. ஒருநாள் பல்லை ராவி அச்சு எடுத்தார்கள், தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் பல் வைத்தார்கள். கடைசியாகப் பாலம் வந்தது. ஒட்டி முடித்ததும் டாக்டர் கண்ணாடியைக் கொடுத்தாள். விஜயகுமாரி உதட்டை விரித்துப் பார்த்தாள், மூடினாள், மறுபடி விரித்தாள்.

"கீழ்ப்பல்ல விட கொஞ்சம் வெளுப்பா கீது."

"வெளில வந்து வெளிச்சத்துல பாருங்க, தெரியாது. முறுக்கு, கொட்டாங்குச்சித் தேங்கா எல்லாம் முன்பல்லால கடிக்கக் கூடாது."

பேசும்போது நாக்கு புதுப் பல்லில் இடித்தது. 'ச' வருகிற இடத்தில் சின்னதாக விசில் அடித்தது. வாயை மறைக்கும் கைக்கும் விஷயம் புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்வதம் பார்க்க வந்தாள். விஜயகுமாரியின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "கல்யாணத்தப்போ இருந்த மாரியே கீறடி. எந்தப் புருசனுக்கு வரும் இந்த மனசு? என் தம்பிய மாரி இன்னொருத்தன் இருக்கானா?"

ராஜாராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையைத் தட்டில் வைத்தான்.

"அக்கா, அவ வழுக்கி வுழல. நான்தான் அடிச்சேன். குடிச்சிட்டு வந்து."

பார்வதம் முதலில் சிரித்தாள். பிறகு விஜயகுமாரியைப் பார்த்தாள்.  விஜயகுமாரி ரசத்தைக் கலக்கி ராஜாராமுக்கு ஊற்றினாள். பார்வதத்துக்கு வைத்த தட்டு அப்படியே இருந்தது. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

தம்பி வீட்டுப் பக்கம் அவள் பொங்கலுக்குக்கூட வரவில்லை. ராஜாராம் போய் அழைத்தும் வரவில்லை. தை மாதக் கடைசியில் ஒரு காலை நேராக இளநீர்க் கடைக்கு வந்து, கவிழ்த்திருந்த கூடையின்மேல் உட்கார்ந்தாள்.

"ஏன்டி, என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப அண்ணி?"

பார்வதம் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "அனுசரிச்சிப் போடின்னு சொல்லியிருப்பேன்."

"அதான்."

விஜயகுமாரி ஒரு காயைச் சீவி நீட்டினாள். பார்வதம் குடித்தாள். வழுக்கையைச் சுரண்டித் தரச் சொல்லித் தின்றாள். ராஜாராமைப் பற்றி அவர்கள் அதற்கு மேல் பேசவில்லை.

ஒரு பஸ் நின்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக இறங்கினார்கள். விஜயகுமாரி அரிவாளோடு எழுந்தாள். பார்வதம் நகர்ந்து உட்கார்ந்து, குலையிலிருந்து ஒவ்வொரு காயாகப் பிய்த்து அவள் கையில் கொடுத்தாள்.