நைந்த துணி

“பூ வேண்டாம். பழைய துணி இருந்தா கொண்டு வாங்க. பால் கொடுக்கத் தெரிஞ்ச கையும் வேணும்.”

வாசற்படியில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். உள்ளே கூடத்தில் அப்பா காலையிலிருந்து கிடந்தார்.

சித்தப்பா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். “சாவு வீட்டுல கையேந்துறியா? உங்கப்பா என்ன சொல்லி வளர்த்தாரு?”

இந்தத் தெருவில் யாரிடமும் எதுவும் கேட்காதே என்று சொல்லித்தான் வளர்த்தார். தெருக்கோடியில் வனவிலங்கு மறுவாழ்வு மையம் வந்தபோது, வௌவாலால் நோய் வரும், அதை மூட வேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். மையம் தப்பித்தது. அங்கே வௌவால் குட்டிகளைப் பார்த்துக்கொண்ட அப்பாவுக்குப் பயம் தெளியவில்லை. “நாம இருக்கிறதே அவங்களுக்கு மறந்துபோகணும்மா” என்பார். பதினோரு வருடம் பின்சந்து வழியாகவே வேலைக்குப் போய்வந்தார்.

இப்போது புயலில் தாயை இழந்த இருபத்தாறு குட்டிகள் அங்கே கிடந்தன. காலையில் வந்த மையத்து டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எங்கிட்ட ஆளும் இல்ல, சுத்தி வைக்கத் துணியும் இல்ல. ரெண்டு மணிக்கு வண்டியில வேற ஊருக்கு அனுப்பிடறேன். பாதிதான் போய்ச் சேரும்.”

பாதி. அப்பா ஒரு குட்டியைக்கூட அப்படிப் போகட்டும் என்று விட்டதில்லை.

“அண்ணி, அண்ணனுக்குப் போட நல்ல சட்டை ஒண்ணு எடுங்க” என்று சித்தப்பா அலமாரியைத் திறந்தார். காக்கி யூனிஃபார்ம் ஒன்று தொங்கியது. வேறெதுவும் இல்லை.

“சட்டையெல்லாம் எங்க?”

“ஒண்ணொண்ணா வெட்டிட்டார்” என்றாள் அம்மா. “குட்டிக்குச் சுத்த.”

அவளுக்கு முகம் சுட்டது. அவள் பட்டமளிப்புக்கு அவர் இந்தக் காக்கியில்தான் வந்தார். வீட்டின் முதல் பட்டம். “வேற சட்டையே கிடைக்கலையா?” என்று கடைசி வரிசையில் உட்காரவைத்தாள். இரண்டு நாள் பேசவில்லை. அவரும் காரணம் சொல்லவில்லை.

“யூனிஃபார்மையே போடுங்க, சித்தப்பா. இஸ்திரி போட்டு.”

வெளியே நெடுநேரம் யாரும் அசையவில்லை. பிறகு எதிர்வீட்டுத் தையல்காரம்மா, மடித்த படுக்கை விரிப்புகளோடும் கத்தரியோடும் தெருவைக் கடந்து வந்தாள். கையெழுத்து வாங்க முதலில் கிளம்பியவளே அவள்தான்.

“எங்க மொட்டைமாடியில ஒரு குட்டி விழுந்துச்சு. உங்கப்பாதான் எடுத்துட்டுப் போனார்” என்றாள். “அது என்னாச்சுன்னு நான் கேக்கவே இல்ல.”

“பறந்துடுச்சு. எங்கிட்ட சொன்னார்.”

தையல்காரம்மா தரையில் உட்கார்ந்தாள். “எவ்வளவு அகலம்?”

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். தலையணை உறை, பாவாடை, குழந்தைக்குப் போர்த்திய துணி. மளிகைக்கடைக்காரர் பிரிக்காத புதுப் பூத்துவாலைத் துண்டு நாலைக் கொண்டுவந்து பெருமையாக நீட்டினார்.

“இது ஆகாது மாமா. வளையம் வளையமா நூல் இருக்கு, குட்டியோட கட்டைவிரல் நகம் மாட்டிக்கும். போட்டுப் போட்டு நைஞ்சு போனதுதான் வேணும்.”

“நைஞ்சு போனதுன்னா என் பொண்டாட்டி துண்டுக்குப் பதிலா என்னையில்ல அனுப்பியிருக்கணும்!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த அம்மாவும் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மளிகைக்காரர் துண்டுகளை இறுக்கமாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “துணி இல்லன்னா கை இருக்கு. எத்தனை மணிக்கு வரணும்?”

மணி பன்னிரண்டே முக்கால். காக்கி மடிப்புக் கலையாமல் அப்பா மேல் இருந்தது. மையத்தின் பெயர் தைத்த சட்டைப்பை தெருவைப் பார்த்திருந்தது. அவள் துணி மூட்டையை இரண்டு கையாலும் தூக்கினாள்.

“மூணு மணிக்கு எடுக்கணும்” என்றார் சித்தப்பா. “பொண்ணு நீ எங்க கிளம்பிட்டே?”

“ஒரு மணிக்குக் குட்டிங்களுக்குப் பால், சித்தப்பா. ரெண்டரைக்கு வந்துடுவேன்.”

“அந்த ரெண்டு மணி வண்டி?”

“டாக்டரம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

சித்தப்பா, மூட்டை இடிக்காதபடி முன்கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்துவிட்டார். பின்சந்து இடப்பக்கம். அவள் நடுத்தெருவில் இறங்கி நடந்தாள்.